செய்தியும் ஓர் அமானத்தே!



2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு என்றொரு மீனவ கிராமம். அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் பணியாற்றி வந்தார். சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்து பேரலை எழுந்துவிட்டது என்னும் செய்தியை அவர் அங்கே அறிந்தார். உடனே ஊரிலுள்ள தம் குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் உள்ளே ஏறி வருகிறது என்று வீட்டார் சொல்ல, தாமதியாமல் வெளியேறும்படியும் ஊராரை எச்சரிக்கும்படியும் கூறினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அவ்வூரில் தகவல் மையம் ஒன்றை நிறுவியிருந்தார்கள். ஊர்மக்கள் அதன் கதவை உடைத்து உள்ளே புகுந்து, ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. ஆனால் அவ்வூரில் வாழ்ந்த ஏறத்தாழ 3,600 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

ஒரு தொலைபேசி அழைப்பு, ஓர் ஒலிபெருக்கி. இவ்விரண்டையும் கொண்டு ஓர் ஊரையே காத்தருளினான் வல்ல அல்லாஹ்!

இதே தமிழ் மண்ணில் மற்றொரு செய்தியும் உண்டு. 2018-ஆம் ஆண்டு மே மாதம். பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று வாட்ஸ்அப் வழியே ஒரு புரளி பரவிக்கிடந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் வண்டியை நிறுத்தியது. அதில் வந்த மூதாட்டி ஒருவர், அங்கு நின்ற சிறுவர்களுக்கு அன்போடு சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான்! கூட்டம் கூடியது. அந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்களையும் குற்றுயிராக்கினார்கள்.

பெருமக்களே! முதற்செய்தியும் ஓர் எச்சரிக்கைதான். இரண்டாவதும் ஓர் எச்சரிக்கைதான். முதலாவதை அனுப்பியவருக்கும் ஊரைக் காக்கும் எண்ணம்; இரண்டாவதை அனுப்பிய தாய்மார்களில் பலருக்கும் தம் பிள்ளைகளைக் காக்கும் எண்ணம். ஒன்று உயிர் கொடுத்தது. மற்றொன்று உயிர் குடித்தது. எண்ணம் ஒன்றாயிருக்க, விளைவு ஏன் இப்படி மாறிப்போயிற்று? இதைத்தான் நாம் இங்கே சற்று ஆர அமர எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இன்று நம் இல்லங்களில் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் விரல்கூட ஆயிரம் வீடுகளை எழுப்பிவிட முடியும்.

அச்சம் வரும் வேளையில்

அருள்மறை திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தில் (4:83) அல்லாஹ் ஒரு கூட்டத்தாரின் பழக்கத்தைக் கண்டித்துரைக்கின்றான். பாதுகாப்பைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ ஒரு செய்தி வந்துவிட்டால், அவர்கள் அதை உடனே பரப்பிவிடுகிறார்கள். அவ்வாறின்றி அதனை இறைத்தூதரிடமும் பொறுப்புடையோரிடமும் கொண்டு சென்றிருந்தால், ஆய்ந்து அறியக்கூடியவர்கள் அதன் உண்மையை அறிந்திருப்பார்கள் என்பது அவ்வசனத்தின் கருத்து.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொய்ச்செய்தியை மட்டுமா இறைவன் கண்டிக்கிறான்? இல்லை. வந்த செய்தி உண்மையா, பொய்யா என்று பாராமல், வந்த மாத்திரத்தில் பரப்பும் அந்த அவசரத்தையே கண்டிக்கிறான்.

இவ்வசனத்தைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு வரலாறு வருகிறது. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியரை விவாகரத்துச் செய்துவிட்டார்கள் என்று மதீனாவில் ஒரு பேச்சு எழுந்தது. பள்ளியில் மக்கள் கவலையோடு தரையில் கற்களைக் கிளறியவண்ணம் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். ஹளரத் உமர் (ரலி) அவர்கள் கேள்வியுற்றார்கள். என்ன செய்தார்கள்? பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவில்லை.  நாயகத்திடமே சென்று, அனுமதி பெற்று உள்ளே நுழைந்து, தாங்கள் அவ்வாறு செய்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. அப்போதும் உடனே ஓடிவிடவில்லை. இதை மக்களுக்கு அறிவிக்கலாமா என்று இசைவு கேட்டார்கள். இசைவு கிடைத்தபின் பள்ளிவாசலின் வாயிலில் நின்று, எல்லோரும் கேட்கும்படி உரத்த குரலில், அது உண்மையல்ல என்று அறிவித்தார்கள்.

மூலத்திடம் செல்வது, உண்மையைக் கேட்டறிவது, சொல்ல அனுமதி பெறுவது, புரளி எவ்வளவு தூரம் போயிற்றோ அவ்வளவு தூரம் உண்மையையும் ஒலிக்கச் செய்வது. இந்த நான்கு படிகளுக்கு மேலாக, இன்று எந்த அரசின் பேரிடர்த் துறையும் புதிதாக ஏதும் கண்டுபிடித்துவிடவில்லை!

பொறுப்பில் இருப்போர் கடமை

பொறுப்புடையோரிடம் கொண்டு செல்லுங்கள் என்றால், பொறுப்புடையோருக்கும் ஒரு கடமை உண்டு அன்றோ? அதையும் நம் நாயகமே செய்து காட்டினார்கள். ஓரிரவு மதீனாவில் பயங்கரமான ஓசை கேட்டு மக்கள் திடுக்கிட்டு எழுந்து, ஓசை வந்த திசை நோக்கிப் புறப்பட்டார்கள். எதிரே பெருமானார் (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் சேணமில்லாத குதிரையில் ஏறி, கழுத்தில் வாளைத் தொங்கவிட்டு, எல்லோருக்கும் முன்பே தனியாகச் சென்று பார்த்துவிட்டு, அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் சொல்லித் திரும்பினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. புரளி புறப்படுமுன் உண்மை புறப்பட்டுவிட்டது என்பதே இதன் பாடம்.

இந்தப் பாடத்தை நம் காலத்தில் நன்றாகக் கடைப்பிடித்தவர்களும் உண்டு, தவறவிட்டவர்களும் உண்டு. 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, அம்மாநிலக் காவல்துறை முகநூலிலும் ட்விட்டரிலும் இடைவிடாது செய்தி தந்தது. எந்தச் சாலை மூடியிருக்கிறது, எங்கே தங்கலாம் என்று சொன்னதோடு நிற்கவில்லை. ஊரில் உலவும் புரளிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது பொய் என்று பெயரிட்டே மறுத்தது. விவன்ஹோ அணை உடையப்போகிறது என்ற புரளியும் அவற்றுள் ஒன்று. மக்கள் அப்பக்கத்தை நம்பினார்கள். அதைப் பின்தொடர்ந்தோர் தொகை சில நாட்களில் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, தொலைபேசி கிடைக்காதவர்கள் தீயணைப்புத் துறையின் ட்விட்டர் பக்கத்தில் முறையிட்டார்கள். உதவிக்கு அவசர எண்ணையே அழையுங்கள் என்று அத்துறை பலமுறை கூறியிருந்தது. ஆயினும் அப்பக்கத்தைக் கவனித்துவந்த பணியாளர், வந்த முறையீடுகளைத் தட்டிக்கழிக்காமல் உரியவர்களுக்கு எட்டச் செய்தார்.

இதற்கு மாறாக, 2018 ஜனவரி 13 அன்று ஹவாய்த் தீவுகளில், ஏவுகணை வருகிறது என்று அரசே தவறுதலாக எல்லாக் கைப்பேசிகளுக்கும் அறிவித்துவிட்டது. அது தவறு என்று கைப்பேசிகளுக்கு மறுப்பு வந்து சேர 38 நிமிடங்கள் ஆயின. அந்த 38 நிமிடங்களும் பெற்றோர் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு மரணத்தை எதிர்பார்த்திருந்தார்கள். மாநில ஆளுநரோ, தம் ட்விட்டர் கணக்கினுள் நுழையும் சொல் நினைவில் இல்லாமல் தவித்ததாகப் பின்னர் கூறினார்! ஆக, அதிகாரத்தில் இருப்போரும் தவறக்கூடியவர்களே. தவறினால் உடனே திருத்துவதற்கு ஆயத்தமாக இருப்பதுதான் அவர்கள் மீதுள்ள அமானத்து.

நாம் செய்த பிழை

பிறர் குறையைச் சொல்லிவிட்டு நம் குறையை மறைத்துக்கொள்வது நீதியாகாது. ஆகவே இதையும் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலான் மாதம். ஒரு சிறுமிக்கு அவசரமாக இரத்தம் தேவை என்று ஒரு செய்தி நம் கைப்பேசிக்கு வந்தது. மருத்துவமனையின் பெயர் இருந்தது. இரத்தத்தின் வகை இருந்தது. ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தது. நாளும் கிழமையும் மட்டும் இல்லை. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போலாவார் என்னும் இறைவசனம் (5:32) நெஞ்சில் நிற்க, அஸர் தொழுகைக்கு முன் அதை மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டோம். அனுப்பியவர் இமாம் என்பதால் யாரும் ஐயுறவில்லை.

மஹல்லாவின் இளைஞர் ஒருவர் நோன்பு திறந்த கையோடு பஸ் ஏறி, இரண்டரை மணி நேரம் பயணம் செய்து அந்நகரத்துக்குச் சென்றார். நள்ளிரவில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஹஜ்ரத்! அந்தப் புள்ள மௌத்தாகி எட்டு மாசமாச்சாம். அவங்க அப்பாவே போனை எடுத்துச் சொன்னாரு. எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியல."

மறுநாள் காலை நாமே அந்த எண்ணை அழைத்து மன்னிப்புக் கேட்டோம். அந்தத் தகப்பனார் கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க ஐயா. நல்ல மனசோடதான் எல்லாரும் கூப்பிடறாங்க. ஆனா ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அவ அம்மா எழுந்து வந்து வாசப்படியில நிக்கிறா" என்றார்.

சகோதரர்களே! அச்சொல் இன்றுவரை நம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்னும் நபிமொழியை நாம் நூறு முறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். அதைக் கொண்டு நம்மைத் தேற்றிக்கொள்ள அன்று முயன்றோம். முடியவில்லை. ஏனெனில், அறிய முடியாமற்போன ஒன்றில் தவறினால் நல்லெண்ணம் நமக்குத் துணை நிற்கும். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் அறிந்துகொண்டிருக்கக் கூடியதை, சோம்பலால் அறியாமல் விட்டுவிட்டு, எண்ணத்தின் பின்னே ஒளிந்துகொள்வது எப்படித் தகும்? கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது, தீய எண்ணம் உள்ளவருக்கு மட்டும் சொன்னதன்று.

வேதத்தை மறைத்தோரைப் பற்றிப் பேசும் வசனத்தில் (2:160), வருந்தித் திருந்தி, உண்மையைத் தெளிவுபடுத்தியோரின் தவ்பாவை ஏற்பதாக அல்லாஹ் கூறுகிறான். அது வேறொரு பாவத்தைப் பற்றி வந்ததாயினும், மக்களிடையே ஒரு தவறான சொல் நம்மால் பரவியிருந்தால், இரவில் தனியே அழுதால் மட்டும் போதாது, மக்களிடமும் தெளிவுபடுத்த வேண்டும் என்னும் படிப்பினை அதில் நமக்கு உண்டு. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் எழுந்து நின்று நம் பிழையை ஒப்புக்கொண்டோம். அந்தச் செய்தியை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்களிடமெல்லாம் அதை அழிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டோம்.

எறும்பும் ஹுத்ஹுதும்

அந்நம்ல் அத்தியாயத்தில் ஓர் எறும்பின் எச்சரிக்கையை அல்லாஹ் நமக்குப் பாதுகாத்துத் தந்திருக்கிறான் (27:18). நபி சுலைமான் (அலை) அவர்களின் பெரும்படை வருவதைக் கண்ட எறும்பு, தன் இனத்தாரை விளித்தது. வீடுகளுக்குள் நுழைந்துகொள்ளச் சொன்னது. சுலைமானும் அவர் படையும் உங்களை மிதித்துவிடக் கூடும் என்று காரணம் உரைத்தது. அதுவும் அவர்கள் அறியாமலே நேரக்கூடும் என்றது. யாருக்கு, என்ன செய்ய வேண்டும், என்ன ஆபத்து? மூன்றும் ஒரே மூச்சில்! அத்துடன் எதிரே வருபவர் மீது பழி சுமத்தாத நீதியும் அதில் உண்டு.

இந்த நீதியை நாம் மறந்துவிடலாகாது. 2020-இல் கொரோனா பரவிய வேளையில், பழைய படங்களையெல்லாம் எடுத்துப் போட்டு, முஸ்லிம்களே நோயைப் பரப்புகிறார்கள் என்று புரளி கிளப்பினார்கள். அந்த வலியை நாம் அனுபவித்தோம். அனுபவித்த நாமே நாளை ஒரு வெள்ளத்திலோ விபத்திலோ இன்ன சாதியார், இன்ன மாநிலத்தார் என்று பழி சுமத்தும் செய்தியைத் தள்ளிவிடுவோமானால், எறும்புக்கு இருந்த நீதிகூட நமக்கு இல்லை என்றாகிவிடும்!

அதே அத்தியாயத்தில் ஹுத்ஹுத் பறவை ஸபஉ நாட்டிலிருந்து உறுதியான செய்தி கொண்டுவந்ததாகக் கூறுகிறது (27:22). இடத்தைச் சொன்னது, உறுதியானது என்றும் சொன்னது. அப்படியிருந்தும் சுலைமான் (அலை) அவர்கள், நீ உண்மை கூறினாயா, பொய்யுரைத்தாயா என்று பார்ப்போம் என்றே விடை தந்தார்கள் (27:27). தம் படையிலுள்ள பறவை கொண்டுவந்த செய்தியையே ஒரு நபி சோதித்துப் பார்த்தார் என்றால், யார் எழுதியதென்றே தெரியாத செய்தியை நாம் எவ்வளவு சோதிக்க வேண்டும்! பலமுறை கைமாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இடப்படுகிறது. அதைக் கண்டால் நம் விரல் சற்று நிற்கட்டும்.

ஆகவே நம் இல்லத்தார் அனைவரும் இவற்றைக் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

ஆபத்தில் இருப்பவர் முதலில் எண்ணை அழைக்கட்டும், பிறகு எழுதட்டும். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தமிழகத்தில் பேரிடர்க் காலத்தில் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. குழுவில் ஆயிரம் பேர் பார்த்து ஆயிரம் பேரும் வருந்தியிருந்தும், ஒருவர்கூட உரிய எண்ணை அழைக்காமல் போவது நடக்கக் கூடியதே.

உதவி கேட்டு எழுதினால் நாள், நேரம், இடம், சொன்னவர் யார் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். தேவை நிறைவேறியதும் நிறைவேறிவிட்டது என்று அதே குழுவில் எழுதுங்கள். இல்லையேல் ஒரு தெருவுக்கு ஐந்து வண்டிச் சோறு போய்ச் சேரும். அடுத்த தெரு பட்டினி கிடக்கும்.

வானிலை, அணை நீர், சாலை பற்றிய செய்தியை வானிலை ஆய்வு மையம், மாவட்ட ஆட்சியர், காவல்துறை, தீயணைப்புத் துறை ஆகியோரின் சொந்தப் பக்கங்களில் பார்த்த பிறகே பகிருங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளி பரவ, வெள்ளத்தில் நின்றவர்கள் முதலைக்கும் அஞ்சினார்கள். பண்ணையார் மறுக்க வேண்டியதாயிற்று.

விபத்தில் சிக்கியவரின் படத்தை அனுப்பாதீர்கள். ஒரு தாய் தன் மகனின் மௌத்தைக் கைப்பேசிப் படத்தில் கண்டு அறிய நேர்ந்தால், அந்தப் பாவத்தில் நம் பங்கு எவ்வளவு? எவருடைய நாவிலிருந்தும் கையிலிருந்தும் பிற முஸ்லிம்கள் பாதுகாப்புப் பெறுகிறார்களோ அவரே முஸ்லிம் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். முன்னாளில் நாவு வேறு, கை வேறு. இன்று கைப்பேசி மீது வைத்த ஒரு விரல், நாவாகவும் கையாகவும் இரண்டுமாகிவிட்டது!

கைப்பேசி ஓய்ந்த இரவு

இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அம்மாவட்டத்தின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. அப்படியொரு இரவில் முகநூல் ஏது, வாட்ஸ்அப் ஏது? அப்போது எஞ்சுவது பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும், அதற்கு ஒரு பேட்டரியும், அதில் பேசுபவர் மீது ஊருக்கு இருக்கும் நம்பிக்கையும்தான்.

அந்த நம்பிக்கை வெள்ள நாளில் முளைப்பதன்று. நல்லவாட்டின் ஒலிபெருக்கியில் அதற்கு முன்பும் கடலலையின் நிலையை மீனவர்களுக்கு அறிவித்து வந்தார்கள். அதனால்தான் அந்த ஞாயிறன்று அக்குரலை மக்கள் நம்பி ஓடினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஸஃபா குன்றின்மீது ஏறி நின்று, இந்த மலைக்குப் பின்னால் குதிரைப்படை வருகிறதென்று நான் சொன்னால் நம்புவீர்களா என்று குறைஷியரிடம் கேட்டபோது, தங்களிடம் நாங்கள் உண்மையன்றி வேறெதையும் கண்டதில்லை என்றார்கள். நாற்பதாண்டு வாய்மையே அந்தக் குன்றின் மீது சாட்சியாக நின்றது.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் இப்பொழுதே பொறுப்பான இருவரை இதற்கென நியமிக்கட்டும். ஆபத்து நாளில் குழுவில் அவர்கள் மட்டுமே செய்தி வெளியிடட்டும். அவர்களே ஒலிபெருக்கியிலும் சொல்லட்டும். தவறு நேர்ந்தால் அதே நேரத்தில், அதே குரலில் திருத்தட்டும். எச்சரிக்கை நம் தெருவோடு நிற்க வேண்டாம். சுற்றியுள்ள எல்லாச் சமயத்தாருக்கும் அது போய்ச் சேரட்டும்.

செவி, பார்வை, இதயம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்பது இறைவாக்கின் கருத்து (17:36). மறுமையில் நம் விரல்கள் பேசும்போது, யா அல்லாஹ், இவன் என்னைக் கொண்டு ஓர் உயிரைக் காத்தான் என்று அவை பேசட்டும். வாசற்படியில் எழுந்து வந்து நிற்கும் ஒரு தாயைப் பற்றி அவை பேச வேண்டாம்.

வல்ல நாயன் நம் நாவையும் விரலையும் அமானத்துப் பேணுபவையாக ஆக்கியருள்வானாக! ஆபத்தில் சிக்கியோரைக் காத்தருள்வானாக! அவர்களுக்கு உதவ ஓடோடிச் செல்லும் ஊழியர் அனைவருக்கும் வலிமை தந்தருள்வானாக! ஆமீன்.